மரை கழன்ற பேஸ்

போன இதழில் கிட்டார் கம்பி மாற்றுவதைப் பற்றி எழுதியதும் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது. "எப்போது பார்த்தாலும் ஆறு கம்பிக்காரர்களுக்கே பதில் சொல்கிறீர்கள், நாலு கம்பிக்காரன் என்ன பாவம் செய்தான்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, நானும் நாலு கம்பிக்காரன்தான். பதினைந்து வருஷம் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசித்துவிட்டு, இப்போது பெரம்பூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டு வாத்தியங்களைப் பழுது பார்க்கிறேன். எனவே இந்த முறை பேஸ் மட்டும்தான். வந்த கடிதங்களில் முக்கால்வாசி, பேஸைத் தோளில் தொங்கவிடும் பட்டையான ஸ்ட்ராப்பை மாட்டும் பட்டனைப் பற்றியவை. அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, நான் சர்ச் கொயரில் பேஸ் வாசிக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கழுத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மேல் கொம்பில் இருக்கும் ஸ்ட்ராப் பட்டன் ஆடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு முன்னால் ஸ்க்ரூவை இறுக்குவேன். இப்போது எவ்வளவு திருகினாலும் சும்மா சுற்றுகிறது. பேப்பரைச் சுருட்டித் திணித்தேன், இரண்டு வாரம் நின்றது. போன வாரம் பாட்டு நடுவில் பட்டனோடு கழன்று கையில் வந்துவிட்டது. தொடையில் முட்டுக்கொடுத்துக்கொண்டு மிச்சத்தை வாசித்தேன். பெரிய ஸ்க்ரூவாகப் போட்டுவிடலாமா?
*ஒரு வாசகர், நாகர்கோவில்*

தம்பி, பெரிய ஸ்க்ரூவைக் கொஞ்ச நாள் கையில் எடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் ஸ்க்ரூவை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மரை அப்படியே கூர்மையாகத்தான் இருக்கும். தேய்ந்திருப்பது மரம். இரும்பு மரத்துக்குள் வெட்டிவைத்த மரை போய்விட்டது. நீங்கள் வாராவாரம் இறுக்கினீர்களே, ஒவ்வொரு முறையும் அந்த மரத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்திருக்கிறீர்கள். வருத்தப்பட வேண்டாம், எல்லோரும் செய்வதுதான். நானும் செய்தேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

பேஸின் உடம்பில் மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் கழுத்து நீண்டிருக்கும் அதே திசையில் ஓடும். கொம்பின் நுனியிலும் அடிப்பக்கத்திலும் ஸ்க்ரூ இறங்குவதும் அதே திசையில்தான். அதாவது நாருக்குக் குறுக்கே போகாமல், நாரோடு நாராக உள்ளே போகிறது. விளக்குமாற்றுக் கட்டின் முனையில் ஓர் ஆணியைச் சொருகிப் பாருங்கள். ஈர்க்குச்சிகள் விலகி வழிவிடும், ஆணியைப் பிடித்துக்கொள்ளாது. அதே கட்டின் பக்கவாட்டில் சொருகினால் ஒவ்வொரு குச்சியும் குறுக்கே நின்று தடுக்கும். நம் வாத்தியத்தில் இரண்டு ஸ்க்ரூவும் முனைப்பக்கம்தான். போதாக்குறைக்கு, விலை குறைந்த பேஸ்களில் உடம்பு பாஸ்வுட் போன்ற மெத்தென்ற மரம். நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும்.

இந்த முனையில் தொங்குவது எவ்வளவு? என் மேஜைக்கு வரும் பேஸ்கள் பெரும்பாலும் மூன்றரையிலிருந்து நாலரை கிலோ. முன்காலத்து டபுள் பேஸ் தரையில் நின்றது, வாசிக்கிறவர் பக்கத்தில் நின்றார். யார் தோளுக்கும் சுமையில்லை. 1951-ல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்த பிறகுதான் தோளில் மாட்டி வாசிக்கும் பேஸ் உலகம் முழுக்கப் பரவியது. அந்த எடை முழுவதும் சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இல்லாத இரண்டு ஸ்க்ரூவின் தலையில் வந்து விழுந்தது. அதுவும் நேராக இழுக்கும் பாரம் கிடையாது. ஸ்ட்ராப் தோளை நோக்கி மேலே போகிறது, ஸ்க்ரூ கிடைமட்டமாக நிற்கிறது. ஆக இழுப்பு பக்கவாட்டில். பட்டன் மரத்தோடு ஒட்டி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும்வரை அது தாங்கும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டால் ஸ்க்ரூ நெம்புகோலாக மாறிவிடும். நீங்கள் தாளம் போட்டு அசையும் ஒவ்வொரு அசைவுக்கும் துளையின் வாயை நெம்பும். வட்டத் துளை முட்டை வடிவமாகும். அதற்குள் பெரிய ஸ்க்ரூவைத் திருகினால் இரண்டு பக்கம் கடிக்கும், இரண்டு பக்கம் காற்று. ஒரு மாதம் நிற்கும். அப்புறம் இன்னும் பெரிய முட்டை. நடுவில் கொம்பு பிளந்துவிட்டால் அது வேறு செலவு.

முதலில் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கொம்பைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவியும் பாருங்கள். விரிசல் இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே சரி செய்யலாம்.

துளை இன்னும் வட்டமாக இருந்து, பிடிப்பு மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தால் துளையில் குச்சி சொருகும் வைத்தியம் போதும், அதை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன். உங்களுடையது பேப்பர் திணித்து, பிடுங்கி வந்த துளை. அதற்குக் கட்டை அடைப்பதே சரி.

ஹார்டுவேர் கடையில் 8 மி.மீ. கனம், 30 மி.மீ. நீளத்தில் மரக் குச்சி கிடைக்கும். நாமே பூட்டிக்கொள்ளும் அலமாரி, கட்டில் பெட்டிகளில் போட்டுக்கொடுப்பார்களே, பக்கத்தில் கோடு கோடாக வரி போட்டிருக்குமே, அதுதான். பெரும்பாலும் பீச் மரம். நல்ல கெட்டி. அந்த வரிகள் அழகுக்குப் போட்டவை அல்ல. குச்சியை அடிக்கும்போது உள்ளே இருக்கும் காற்றும் மிஞ்சிய பசையும் அந்த வழியாக வெளியே வரும். கடைக்காரர் தேக்குக் குச்சி தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். கதவுக்குத் தேக்குதான் ராஜா. ஆனால் அதில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் பசை அவ்வளவு நன்றாக ஒட்டாது.

துளையைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 8 மி.மீ. டிரில் பிட்டில் நுனியிலிருந்து 30 மி.மீ. அளந்து அங்கேயும் ஒரு துண்டு டேப் சுற்றுங்கள். அது மரத்தைத் தொடும்போது நிறுத்த வேண்டும். நேரடியாக 8-ல் ஆரம்பிக்காமல் 5, 6.5, 8 என்று ஏறுங்கள். ஒவ்வொரு பிட்டையும் முதல் சில சுற்று தலைகீழாகச் சுற்றவிட்டால் பெயின்ட் உரியாமல் தடம் விழும். கொம்பின் நுனி ஒல்லியாகத்தான் இருக்கும். பிட் கோணலாகப் போனால் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துவிடும். அதனால் தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் மெஷினைப் பிடிக்க, இன்னொருவர் பக்கத்தில் குனிந்து பார்த்து "மேலே... கொஞ்சம் கீழே..." என்று சொல்ல வேண்டும். எனக்கு என் மனைவி சொல்வாள். அவள் சொல்லிக் கோணலாகப் போனதில்லை, நான் கேட்காமல் போனதுண்டு.

குச்சியைப் பசையில்லாமல் ஒருமுறை நுழைத்துப் பாருங்கள். கட்டை விரலால் பாதி இறங்கி, மிச்சத்துக்குத் தட்ட வேண்டியிருந்தால் அளவு சரி. அப்புறம் ஃபெவிகால் எஸ்.ஹெச். போல மரத்துக்கான வெள்ளைப் பசை. ஒரு ஈர்க்குச்சியால் துளையின் சுவரில் மட்டும் தடவுங்கள். துளை நிறைய ஊற்றிவிட்டுக் குச்சியை அடிக்காதீர்கள். மூடிய துளையில் பசைக்குப் போக்கிடம் இருக்காது, சுத்தியல் அடிக்கு அது மரத்தையே பிளக்கும். கொட்டாப்புளி இருந்தால் அதனால் தட்டுங்கள். இல்லையென்றால் சுத்தியலுக்கு நடுவே ஒரு மரத்துண்டு. வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மழைக்காலமாக இருந்தால் இரண்டு நாள். ஒட்டியிருக்கிறதா என்று நடுவில் ஆட்டிப் பார்க்கக் கூடாது. தெரியும், கை நமநமக்கும்.

காய்ந்ததும் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் மட்டமாக அறுத்து, நடுவில் ஊசியால் ஒரு புள்ளி குத்தி, புதுத் துளை போடுங்கள். வழக்கமான ஸ்ட்ராப் ஸ்க்ரூ 6 நம்பர், 1 இன்ச். பீச் கட்டையில் அதற்கு 2.8 மி.மீ. துளை. துளையே போடாமல் நேராகத் திருகினால் கட்டை பிளக்கும், அல்லது ஸ்க்ரூ தலை முறியும். ஸ்க்ரூவின் மரையை மெழுகுவத்தியில் ஒரு தேய்ப்பு தேய்த்துக்கொள்ளுங்கள், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். சிலர் சோப்பு தேய்ப்பார்கள். சோப்பு ஈரத்தை இழுக்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும். நீங்கள் இருப்பது கடற்காற்று அடிக்கும் ஊர், சோப்பு வேண்டவே வேண்டாம். பழைய ஸ்க்ரூவில் செந்துரு இருந்தால் அதையும் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒன்று வாங்குங்கள்.

கடைசியில் மெஷினை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் திருகுங்கள். பட்டனுக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட் வாஷர் லேசாகப் பிதுங்குகிறதா, அங்கே நிறுத்துங்கள். இன்னும் கால் சுற்று என்று கை கேட்கும். கொடுக்காதீர்கள். அடைத்த கட்டை பட்டனின் வட்டத்துக்குள்ளேயே மறைந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது.

சரி, என் கதை. 1994 என்று நினைவு. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. என் பேஸின் அடிப்பக்கப் பட்டன் மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. நானும் உங்களைப் போலவே ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் இறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரண்டாவது பாட்டு, சரணத்துக்குப் போகும் இடம். டிரம்ஸ் ரோல் அடிக்கிறது, நான் திரும்புகிறேன். ஸ்ட்ராப் தோளிலிருந்து நழுவியது தெரிந்தது, அவ்வளவுதான். பேஸ் தலைகுப்புறப் போய் மேடைப் பலகையில் விழுந்து, ஆம்ப்பில் இடி மாதிரி ஒரு சத்தம். ஜனங்கள் அதையும் பாட்டோடு சேர்த்துக் கைதட்டினார்கள். கம்பி முறுக்கும் சாவி ஒன்று வளைந்து போயிற்று. மேடைக்குப் பின்னால் முன்கச்சேரி முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த தவில்காரர் தன் தோள் துண்டை உருவிக் கொடுத்தார். அந்தத் துண்டை ஸ்ட்ராப்பின் நுனியில் முடிந்து, மறுமுனையைப் பிரிட்ஜுக்குக் கீழே கொடுத்துக் கட்டி, விடியற்காலை நாலு மணிவரை வாசித்தேன். குழுத் தலைவர் அன்றைய சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். நியாயம்தான். துண்டைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

குச்சி வைத்தியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தீக்குச்சியா, பல்குச்சியா, ஈர்க்குச்சியா? எங்கள் ஊர்க் கடைக்காரர், பிசைந்து அடைக்கும் எபாக்சி பசையை வைத்தால் ஜென்மத்துக்கும் கழலாது என்கிறார்.
*ஒரு வாசகர், கோயம்புத்தூர்*

தீக்குச்சிக்குத்தான் என் ஓட்டு. மெத்தென்ற மரம், பசையை நன்றாகக் குடிக்கும். ஆனால் மருந்துப் பக்கத்துப் பாதியை ஒடித்துப் போட்டுவிடுங்கள். தீ குச்சிக்கு இறங்கிப் பற்றுவதற்காக அந்தப் பக்கம் மெழுகில் தோய்த்திருப்பார்கள், மெழுகில் பசை பிடிக்காது. முழுக்கவே மெழுகுக் காகிதத்தில் செய்த குச்சி இதற்கு ஆகவே ஆகாது. பல்குச்சி நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மூங்கில். கெட்டி, ஆனால் வழவழப்பு. பிளந்து உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்தால் பரவாயில்லை. ஈர்க்குச்சியின் தோல் கண்ணாடி மாதிரி, பசை வழுக்கிவிடும். பசை தடவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று குச்சியைப் பசையில் தோய்த்துத் துளையில் நெருக்கமாகச் சொருகி, காயவிட்டு, பிளேடால் மட்டமாக வெட்டிவிட்டுத் திருகுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே ஸ்க்ரூவை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது குச்சிகள் பக்கத்துக்கு ஒன்றாக ஒதுங்கிவிடுகின்றன. நான் காயவிட்டே செய்வேன்.

எபாக்சியைப் பற்றி: கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது மரத்தைப் போலக் கொடுத்து வாங்காது, கல்லாகிவிடும். மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். நடுவில் இருக்கும் கல் அப்படியே நிற்கும். ஒருநாள் ஸ்க்ரூவும் கல்லும் சேர்ந்து ஒரே உருண்டையாக வெளியே வரும், அப்படி வந்த உருண்டைகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஜென்மத்துக்கும் கழலாது என்பதே இன்னொரு சிக்கல். நாளைக்குப் பட்டனை மாற்ற வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்?

பிடிப்பு துளிதான் குறைந்திருக்கிறது என்றால் குச்சிகூட வேண்டாம். ஒரே நம்பரில் கால் இன்ச் நீளமான ஸ்க்ரூ போடுங்கள். 1 இன்ச்சுக்குப் பதில் ஒன்றே கால். துளையின் அடியில் யாரும் தொடாத மரம் இருக்கும், அங்கே கடித்துக்கொள்ளும். கனமான நம்பருக்குப் போனால் ஸ்க்ரூவின் தலை பட்டனின் குழிக்குள் உட்காராமல் துருத்திக்கொண்டு நிற்கும், ஸ்ட்ராப்பின் தோலை அறுக்கும்.

பேஸ் கிட்டாருக்கு மரை கழன்றால் நீங்கள் இருக்கிறீர்கள். வாசிக்கிறவருக்கு மரை கழன்றால்?
*ஒரு வாசகி, திருச்சி*

எங்கள் டிரம்மரைத்தான் கேட்க வேண்டும். இரண்டையும் அருகிலிருந்து பார்த்தவர் அவர்.

சார், பட்டன் ஸ்க்ரூ தொலைந்துபோய், வீட்டில் ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு வந்தவர்களிடம் ஒரு கறுப்பு ஸ்க்ரூ வாங்கிப் போட்டேன். நன்றாகத்தான் பிடித்தது. நேற்று பேஸைத் தோளில் மாட்டியதும் டப்பென்று முறிந்துவிட்டது. பாதி உள்ளேயே இருக்கிறது. எப்படி எடுப்பது?
*ஒரு வாசகர், மதுரை*

அந்தக் கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவால் எனக்கு மாதம் ஒரு வேலையாவது வருகிறது. அது ஜிப்சம் பலகையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பதற்காகச் செய்தது. கூர்மையாக, வேகமாக இறங்க வேண்டும் என்பதற்காக இரும்பை நன்றாகக் கெட்டியாக்கியிருப்பார்கள். கெட்டியானது வளையாது, முறியும். சாதாரண மர ஸ்க்ரூ பாரம் அதிகமானால் கொஞ்சம் வளைந்து உங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லும். இது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

முறிந்த முனை வெளியே துளி தெரிகிறதா? தெரிந்தால் சால்டரிங் அயர்னின் நுனியை அதன் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். பெயின்டில் படக் கூடாது. இரும்பு சூடேறி, சுற்றியிருக்கும் மரத்தின் பிடி தளரும். பிறகு நுனி ஒல்லியான லாக்கிங் பிளையரால் கவ்வி இடப்பக்கமாகத் திருப்புங்கள். நேராக இழுக்காதீர்கள், நாரோடு பிய்த்துக்கொண்டு வரும்.

உள்ளே போய்விட்டது என்றால் அதன் மேலேயே டிரில் போட்டு எடுக்கலாம் என்று தோன்றும். அதைச் செய்தால் கெட்டி இரும்பின் மேல் பிட் நிற்காது. பக்கத்தில் இருக்கும் மெத்தென்ற மரத்துக்குள் வழுக்கி ஓடும். நான் செய்வது இது: 6 மி.மீ. கனத்தில் ஒரு துண்டு மெல்லிய இரும்புக் குழாய், அதன் வாயில் ரம்பத்தால் நாலு பல் வெட்டிக்கொள்வேன். அதை மெஷினில் மாட்டி மெதுவாகத் தலைகீழ்ச் சுற்றில் விட்டால், முறிந்த ஸ்க்ரூவைக் குழாய்க்குள் விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மரத்தை மட்டும் அரைத்துக்கொண்டு இறங்கும். பாதி நேரம் ஸ்க்ரூ தானாகவே சுழன்று ஏறி வந்துவிடும். மிஞ்சிய துளையை 8-க்குப் பெரிதாக்கி, நாகர்கோவில் தம்பிக்குச் சொன்ன கட்டை.

அண்ணா, என் ஸ்க்ரூ எல்லாம் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஸ்ட்ராப்தான் பட்டனிலிருந்து நழுவி வந்துவிடுகிறது. ஸ்ட்ராப்பைப் பட்டனோடு பூட்டும் ஸ்ட்ராப் லாக் விலை கேட்டேன், மயக்கம் வந்தது. வேறு வழி உண்டா?
*கல்லூரிப் பேண்டில் வாசிக்கும் ஒரு வாசகி, திருநெல்வேலி*

உண்டு அம்மா. சைக்கிள் கடையில் ஒரு பழைய டியூப் துண்டு கேளுங்கள், காசே வாங்கமாட்டார்கள். அதில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக இரண்டு வெட்டி, நடுவில் பேப்பர் பஞ்சிங் மெஷினால் ஒரு ஓட்டை. ஸ்ட்ராப்பை மாட்டிய பிறகு அந்த ரப்பரை இழுத்துப் பட்டனின் தலைக்கு மேல் போட்டுவிடுங்கள். பட்டனின் இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஸ்ட்ராப்பை வெளியே விடாது. வெள்ளைக்காரர்கள் இதையே பீர் பாட்டில் மூடியில் வரும் சிவப்பு ரப்பர் வளையத்தால் செய்கிறார்கள். உங்கள் வீட்டில் சைக்கிள் டியூப் பிரச்சினையில்லாமல் இருக்கும். ஆறு மாதத்தில் ரப்பர் வெடிக்கும், புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

கூடவே ஸ்ட்ராப்பின் நுனித்தோலைப் பாருங்கள். சாவித்துவாரம் மாதிரி ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு நீண்டு வாய் பிளந்திருந்தால் எந்த ரப்பரும் காப்பாற்றாது. செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் மேலே ஒரு தோல் வைத்துத் தைத்து, புதிதாக வெட்டித் தருவார்.

பின்னால் காசு சேர்ந்து ஷாலர், டன்லப் என்று லாக் வாங்கினால் இரண்டு விஷயம். ஒரு கம்பெனியின் பட்டனில் இன்னொரு கம்பெனியின் பூட்டு உட்காராது, செட்டாகத்தான் போட வேண்டும். செட்டோடு வரும் ஸ்க்ரூ உங்கள் பழைய துளையின் அளவிலேயே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியது ஒல்லி என்றால் தீக்குச்சி, தடிமன் என்றால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். ஸ்ட்ராப் பக்கம் நட்டு போட்டு இறுக்கும் வகை என்றால் அந்த நட்டையும் அவ்வப்போது விரலால் தொட்டுப் பாருங்கள். ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டே இருந்து நட்டைக் கோட்டைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

வணக்கம் அண்ணை. என்னட்டை வயலின் வடிவத்தில ஒரு பேஸ் கிற்றார் இருக்கு. கையை எடுத்தால் தலைப்பக்கம் கீழ தொங்குது. மேல் பட்டனைக் கழட்டி வேற இடத்தில பூட்டினால் சரிவருமோ?
*ஒரு வாசகர், யாழ்ப்பாணம்*

சரிவரலாம் தம்பி. ஆனால் துளை போடுவதற்கு முன்னால் உடம்பைத் தட்டிப் பாருங்கள். வயலின் வடிவ பேஸ் என்றால் 1956-ல் வந்த ஹோஃப்னர் 500/1-ஐப் பார்த்துச் செய்ததாக இருக்கும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியின் கையில் எல்லோரும் பார்த்தது அதுதான். அசலின் உடம்பு உள்ளே வெறும் கூடு. அப்படிப்பட்ட கூட்டு உடம்பில் ஸ்க்ரூவைப் பிடிக்கும் கெட்டி மரம் கழுத்து சேரும் இடத்திலும் அடிப்பக்கத்திலும்தான் இருக்கும். மற்ற இடமெல்லாம் மெல்லிய தகடு. பணியாரத்தில் ஆணி அடிப்பது போலாகிவிடும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் "டொம் டொம்" என்பது "டக்" என்று மாறும் இடம் தெரியும். அந்த "டக்"குக்கு வெளியே போகாதீர்கள்.

தலை ஏன் தொங்குகிறது என்றால், பேஸின் கழுத்து நீளம், உங்களுடையதில் உடம்பு லேசு. ஃபெண்டர் வகை பேஸில் மேல் கொம்பு ஏறக்குறைய 12-வது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வரை நீண்டு போகும். அந்த நுனியில் ஸ்ட்ராப் பிடிப்பதால் தராசு ஓரளவு சமமாக நிற்கிறது. உங்கள் பேஸுக்குக் கொம்பே கிடையாது, பிடிமானம் ரொம்பப் பின்னால் வந்துவிடுகிறது. பட்டனைக் கழுத்தின் அடிக்கட்டைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இரண்டு விரல்கடை நகர்த்துவதால் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

துளை போடாமல் முதலில் இதைச் செய்து பாருங்கள். வழவழ நைலான் ஸ்ட்ராப்பை எடுத்துவிட்டு, உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும் அகலமான தோல் ஸ்ட்ராப் மாட்டுங்கள். மூன்று இன்ச் அகலம் இருந்தால் நல்லது. சட்டையைக் கவ்விக்கொள்ளும், தலை தொங்குவது பாதியாவது குறையும். அதற்கும் அடங்கவில்லை என்றால் தலையில் இருக்கும் சாவிகளை எடை குறைந்ததாக மாற்றலாம். நீண்ட கழுத்தின் நுனியில் குறையும் ஐம்பது கிராமும் உடம்பில் கூட்டும் ஐம்பது கிராமும் ஒன்றல்ல. அடிப்பக்கத்தில் ஈயக்கட்டி ஒட்டச் சொல்லி யாராவது யோசனை தந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்த எடையையும் அதே ஸ்க்ரூதான் தாங்க வேண்டும்.

என் மகன் பத்தாம் வகுப்பு முடித்ததும் பேஸ் கிட்டார் வாங்கிக் கொடுத்தோம். புதியது. அதிலும் இந்த ஸ்க்ரூ தொல்லை வருமா? நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்? அவனைக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்கிறான்.
*ஒரு தாய், தாம்பரம்*

அவன் அப்படித்தான் சொல்வான் அம்மா, பதினாறு வயதில் நானும் அதையே சொன்னேன். புது வாத்தியத்திலும் வரும். தொழிற்சாலையில் வேகமாகத் திருகியிருப்பார்கள், ஊர் மாறி வந்த மரம் நம் ஊர் ஈரத்துக்கும் வெயிலுக்கும் பழக வேண்டும். முதல் சில மாதத்தில் ஸ்க்ரூ லேசாகத் தளர்வது சகஜம்.

மாதம் ஒருமுறை, அவன் வெளியே போயிருக்கும்போதே பார்க்கலாம். பேஸைக் கட்டிலில் படுக்கவைத்து, பட்டனைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். அசையாமல் இருந்தால் தொடவே வேண்டாம். சுற்றினாலோ ஆடினாலோ, சரியான அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் கொண்டு, பட்டன் அசையாத இடம்வரை மட்டும் திருகுங்கள். ஸ்க்ரூடிரைவரின் நுனி சின்னதாக இருந்தால் ஸ்க்ரூவின் தலையில் இருக்கும் கூட்டல் குறி வழித்துப் போய்விடும். இரண்டு மாதம் தொடர்ந்து திருக வேண்டி வந்தால் மூன்றாவது மாதம் திருகாதீர்கள். அந்த வாரமே இரண்டு தீக்குச்சியும் கொஞ்சம் பசையும்.

இன்னொன்று, வகுப்புக்கு காரில் கொண்டுபோனால் வெயிலில் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிட்டு வரவேண்டாம். வீட்டில் சுவரில் சாய்த்தும் வைக்க வேண்டாம். ஃபேன் காற்றுக்கு வழுக்கி விழும்போது பெரும்பாலும் அடிப்பக்கப் பட்டன் மேல்தான் முதல் அடி விழுகிறது. ஸ்டாண்டு வாங்கித் தாருங்கள், இல்லையென்றால் பையில் போட்டுப் பீரோவின் பக்கத்தில் படுக்கவைத்துவிடுங்கள்.